விமானத்துக்கு வைத்த சந்தனம்

தினேஷ்,

இதை எழுதுவது உன் அப்பாதான். அம்மாவிடம் சொல்லி எழுத வைத்தது இல்லை. எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒன்று கோட்டுக்கு மேலே ஏறி நிற்கும், அடுத்தது கீழே தொங்கும். கோயில் மண்டபத்தில் நடக்கும் மாலை வகுப்புக்கு நான் கிளம்பிய முதல் நாள் நீ என்ன கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? "இந்த வயசுல படிச்சு எந்த ஆபீசுக்குப்பா வேலைக்குப் போகப் போறீங்க?" நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது கெலாங் பாத்தா கடைத்தெருவில் நடந்தால் எனக்குக் கால் நகர மாட்டேன் என்கிறது. பலகை பலகையாகப் படிக்கிறேன். முடிவெட்டும் கடையில் ஒட்டியிருக்கும் விலையைக்கூட விடுவதில்லை. "மீன் கெட்டுப்போயிடும், வாங்க" என்று உன் அம்மா என் கையைப் பிடித்து இழுக்கிறாள். தமிழ் எழுத்து வந்ததோடு ஆசை நிற்கவில்லை, ஆங்கில எழுத்தையும் ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டேன். இவ்வளவு காலமும் உலகம் முழுக்க என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, எனக்குத்தான் காது கேட்கவில்லை என்று தோன்றுகிறது. அவ்வளவு சந்தோஷம்.

எழுத வந்ததும் முதலில் உன் கல்யாணத்துக்கு ஒரு வாழ்த்து எழுத வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். தாளை எடுத்து உட்கார்ந்தால் வாழ்த்து வரவில்லை. அதற்கு முன்னால் எழுத வேண்டியது ஒன்று நெஞ்சில் குறுக்கே நிற்கிறது. வாயால் சொல்லிப் பார்க்கலாம் என்று பல முறை உன் எதிரில் வந்து உட்கார்ந்தேன். "என்னப்பா, டீ வேணுமா?" என்று நீ கேட்பாய். "ஆமாம்" என்று டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன். அதனால் இப்போது நேராகவே எழுதிவிடுகிறேன், இனி அழித்து எழுதப் போவதில்லை. உன் கூட்டாளி சேவியர் ஒயரை ஈயம் உருக்கிச் சால்டர் வைத்ததில் எந்தக் குறையும் இல்லை. ரிமோட்டில் பறக்கும் உன் முதல் ஜெட் விமானம் விழுந்தது என்னால். அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

போன வாரம் நீ இரண்டு பேட்டரிகளைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, "புது பிளேன்ல ரிமோட் சிக்னலை வாங்குற ரிசீவருக்கு எதுப்பா நல்லது? நீங்க சொல்லுங்க" என்றாய். நான் "பார்க்கிறேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். ஒரு முறை உன்னைக் கெடுத்தவனிடம் மறுபடியும் நீ வந்து கேட்கிறாய். கேட்க வேண்டியவனிடம் நீ பேசுவதே இல்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தபோது, "சேவியருக்கு வேணாம்மா, விடுங்க" என்று நீ சொன்னதும் உன் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் அம்மா கிறிஸ்துமஸ் கேக்கை வெட்டினால் முதல் துண்டு நம் வீட்டுக்குத்தான் வரும். எனக்கு மட்டும் காரணம் தெரியும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பேட்டரி என்றால் அப்பாதான் என்று உனக்கு எப்படிப் பழகியது என்பதும் எனக்குத் தெரியும். நீ சின்னப் பையனாக இருந்தபோது பள்ளி விடுமுறையில் என்னோடு அரிசி லாரியில் வருவாய். ஆயர் ஈத்தாமில் பானைக் கடைகள் வரிசையாக இருக்குமே, அங்கே லாரியை நிறுத்தி உனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் வண்டி கிளம்பவில்லை. நான் இறங்கி, பேட்டரியின் முனையில் இருந்த கவ்வியைத் தட்டி, ஒரு திருப்புத் திருப்பி இறுக்கினேன். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. வீட்டுக்கு வந்ததும் நீ நம் கம்பத்தில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு ஓடினாய்: "எங்கப்பா கை வச்சாலே பேட்டரி ஓடும்!" அதைக் கேட்டு எனக்கு உடம்பே ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருந்தது. படிப்பு இல்லை, எழுத்துத் தெரியாது. யோங் பெங் சந்திப்பைக்கூடப் பலகையைப் படித்து அல்ல, எண்ணெய் நிலையத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் திரும்புவேன். ஆனால் என் மகனுக்கு நான் பேட்டரி தெரிந்தவன். அந்தப் பெயரை நான் கடைசி வரை விடவில்லை. விட்டிருக்க வேண்டும்.

முதல் ஜெட்டுக்குப் பேட்டரி வாங்க ஜொகூர் பாருவில் கடைக்குப் போனோமே, நீ, நான், சேவியர். கடைக்காரர் நாலைந்து பேட்டரிகளை எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீங்கள் இரண்டு பேரும் நான் விவரம் தெரிந்துதான் பார்க்கிறேன் என்று நினைத்தீர்கள். எனக்கு எண்கள் மட்டும்தான் அப்போது தெரியும். எதில் பெரிய எண் இருந்ததோ, எது கையில் கனத்ததோ, அதை எடுத்து "இதுதான்" என்றேன். சேவியர் மெதுவாகத்தான் சொன்னான்.

"அங்கிள், நம்பர் பெருசா இருந்தா மட்டும் பத்தாது. ரெண்டு பேட்டரி பேக் போடணும். தனித்தனி சுவிட்ச், தனித்தனி பிளக். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு பிடிச்சுக்கும்."

நான் என்ன சொன்னேன்? "தம்பி, நீ பொறக்குறதுக்கு முன்னாடியிலிருந்து நான் பேட்டரி பார்த்தவன். என் லாரி ஒரே பேட்டரியில பினாங்கு வரைக்கும் போய் வந்துச்சு. இது பொம்மை பிளேன்." நீ உடனே அவன் முதுகில் தட்டி, "அப்பா சொல்லிட்டாருல்ல, முடிஞ்சது லா" என்று சிரித்தாய். அவனும் சிரித்தான். "சரி, அங்கிள்தான் கேப்டன்" என்றான். ஒரு பேட்டரி, ஒரு பிளக். அந்தப் பிளக்குக்கு ஒயரைச் சால்டர் வைத்துக் கொடுத்தது ஏர்கான் கடை வைத்திருக்கும் சேவியர். இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தான். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. லாரி ஓட்டிய காலம் முழுக்க அந்த நாளில் நான் வண்டிக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. கழுவி, மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஸ்டீயரிங்கிலிருந்து ஸ்பானர் வரை சந்தனமும் குங்குமமும் வைப்பேன். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு பொட்டு. வேலைக்குப் போவதை நிறுத்திய பிறகு எனக்கு அந்தப் பூஜையில் வைக்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அந்த வருடம் வீட்டு நடுவில் உன் ஜெட் நின்றது. எனக்குப் பழைய காலம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. பன்னீர் விட்டுச் சந்தனத்தைக் குழைத்து, மூக்கில், இறக்கையில், ரிமோட்டில், இன்ஜினில் எல்லாம் வைத்தேன். மேல்மூடி திறந்திருந்தது. உள்ளே பேட்டரி. அதிலும் ஒரு பொட்டு. மின்சாரம் வீணாகப் போகாமல் இருக்க நீ பிளக்கைக் கழற்றித் தொங்கவிட்டிருந்தாய். மின்சாரம் வெளியே வரும் வாய் அதுதானே, லாரியில் முனைக்கு வைத்தது போல இதற்கும் வைக்க வேண்டும் என்று, அதன் துளைக்குள் விரலால் அழுத்தி வைத்தேன். மனதாரத்தான் வைத்தேன். லாரி பேட்டரியின் முனை என் கட்டைவிரல் தடிமன், மேலே பொட்டு வைத்தால் ஒன்றும் ஆகாது. இது வேர்க்கடலை அளவுகூட இல்லாத பிளக். அந்த வித்தியாசம் எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலையில் நீ வெளியே தெரிந்த பொட்டையெல்லாம் துடைத்துவிட்டுத் திடலுக்குக் கிளம்பினாய், நானும் சேவியரும் கூட வந்தோம். தரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இறக்கை ஆடியது, வால் ஆடியது. மண்ணெண்ணெய் வாசத்தோடு அது கிளம்பி மேலே போனதைப் பார்த்து நான் கைதட்டினேன். நீ அதை வேகமாகத் திருப்பி மேலே இழுத்தாய். அப்போது இன்ஜின் சத்தம் சட்டென்று அடங்கியது. "அலமாக், கேக்கலை, கேக்கலை!" என்று நீ கத்தினாய். ரிமோட்டை நீ எப்படித் திருகினாலும் அது கேட்காமல், சாய்ந்தபடியே போய்ச் செம்பனை மரங்களுக்கு நடுவில் விழுந்தது.

நீ ரிமோட்டைக் கீழே வைப்பதற்குள் நான் ஓடிவிட்டேன். வயதானவன் எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. ஈரமண்ணில் உடைந்து கிடந்தது. தீப்பிடித்துவிடக் கூடாது என்று முதலில் பேட்டரியின் பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கியதும் பார்த்தேன். துளைக்குள் மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்தது, ஓரத்தில் கருகியிருந்தது. மண்ணெண்ணெய் வாசத்துக்கு நடுவிலும் சந்தன வாசம் வந்தது. ஆயர் ஈத்தாமில் கவ்வி தளர்ந்து நின்ற லாரி எனக்கு அந்த நிமிடமே ஞாபகம் வந்தது. பேட்டரி நன்றாக இருந்தும் தொடும் இடம் சரியில்லாவிட்டால் வண்டி நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே விஷயமே அதுதான். மகனே, அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. கீழே கிடந்த ஓலையிலிருந்து ஒரு ஈர்க்கை உடைத்து அந்தச் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். சட்டை நுனியால் துடைத்தேன். நிமிர்ந்தால் எதிரில் சேவியர் நின்றுகொண்டிருந்தான்.

நீ மூச்சிரைக்க வந்து பிளக்கை என் கையிலிருந்து வாங்கி இழுத்தாய். விழுந்த அடியில் நைந்துபோயிருந்த ஒயர் உன் கையோடு வந்துவிட்டது.

"பாரு! பாருடா உன் சால்டரை! எத்தனை தடவை கேட்டேன், ஓகேயான்னு?"

"ஓகே லா, தினேஷ். இழுத்துப் பார்த்துத்தான்டா கொடுத்தேன்."

"இழுத்துப் பார்த்தியா? நான் இப்ப இழுத்தேன், வந்துருச்சே! ராத்திரி பகலா சிங்கப்பூர் வேலைக்கும் வீட்டுக்கும் அலைஞ்சு கட்டுனதுடா இது. நீ ஏர்கான் ரிப்பேர் பண்ற மாதிரி பண்ணிட்ட!"

திடலில் இருந்தவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அவர்கள் முன்னால் நீ அப்படிப் பேசினாய். சேவியர் என்னைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை. நான் வாயைத் திறந்தேன். உண்மை வரவில்லை. "விடுப்பா. அவன் என்ன தெரிஞ்சா செஞ்சான்? மன்னிச்சு விடு" என்றேன். செய்தவன் நான், மன்னிக்கச் சொன்னது அவனை. வீட்டுக்கு வரும் வழியில், "உங்க மனசு யாருக்குப்பா வரும்" என்று நீ சொன்னாய். நான் கார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு சேவியர் அனுப்பிய குறுஞ்செய்திகளுக்கு நீ பதில் போடவில்லை என்று தெரியும். அவனும் ஒரு நாள் நிறுத்திவிட்டான். நாளாக ஆக இது தானாகச் சரியாகிவிடும் என்று நான் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். பெரியவன் என்ற மரியாதை போய்விடுமே என்ற பயம். நீ என்னை அண்ணாந்து பார்க்கும் அந்தப் பார்வை குறைந்துவிடுமே என்ற பயம். அதைக் காப்பாற்ற உன் கூட்டாளியைக் கொடுத்துவிட்டேன்.

நீ பேட்டரிகளைக் கொடுத்த மறுநாள், அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சேவியரின் ஏர்கான் கடைக்குப் போனேன். கடைப் பலகையை வெளியில் நின்று முழுதாகப் படித்தேன். அப்படியே திரும்பிவிடலாமா என்றும் நினைத்தேன். அவன் பார்த்துவிட்டான்.

"வாங்க அங்கிள்! என்ன வெளியவே நிக்கிறீங்க?"

"போர்டைப் படிக்கிறேன்."

"நீங்களா? படிக்கிறீங்களா? அங்கிள், ஷோக்கா இருக்கே!" அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. நின்றபடியே, அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் சொல்ல விடவில்லை.

"தெரியும் அங்கிள். வாசம் வந்துச்சு."

"தெரிஞ்சும் ஏம்ப்பா சும்மா இருந்த?"

கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "அவன் உங்களைப் பத்திப் பேசுறதை நீங்க கேட்டதில்ல. ஸ்கூல்லேர்ந்து கேக்குறேன், எங்கப்பா எங்கப்பான்னு. அன்னிக்கு பிளேன் போச்சு. அதோட சேர்த்து அவனுக்கு நீங்களும் போகணுமா? ரெண்டு வாரத்துல என்கிட்ட வந்துருவான்னு நெனச்சேன். அவன் வரலை." அதைக் கீழே வைத்துவிட்டு, "ஏர்கான் மாதிரின்னு சொன்னான் பாருங்க, அதுதான் அங்கிள் கொஞ்சம் வலிச்சுச்சு" என்றான்.

நான் பெற்ற பிள்ளை இல்லை அவன். என் மானத்தை இவ்வளவு காலம் தன் தலையில் சுமந்திருக்கிறான். அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அவனிடம் உன் பேட்டரிகளைக் காட்டினேன். என்னையே படிக்கச் சொன்னான். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒன்றில் லிப்போ என்றும் இன்னொன்றில் லைஃப் என்றும் இருந்தது, இரண்டும் பேட்டரி வகைகளாம். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நீ கேட்ட கேள்விக்குப் பதில் இது, என்னுடையது இல்லை. "லாரியில பேட்டரி வண்டியைக் கிளப்பி விட்டாப் போதும் அங்கிள், அப்புறம் இன்ஜினோட சுத்துற ஆல்டர்னேட்டரே சார்ஜ் ஏத்திக்கும். ஜெட்டுல மேல போனப்புறம் அந்த ரிசீவர் பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்க யாருமே இல்ல. இறக்கை, வால் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்துல இழுக்கும். அப்ப வோல்ட் விழாம நிக்கணும். நிக்கலைன்னா ரிசீவர் தூங்கிடும். லிப்போவை முழுசா ஏத்தி வாரக்கணக்கா வச்சா உப்பிடும், மறந்துபோறவனுக்கு அது சரிப்படாது. லைஃப் அமைதியான ஜாதி. அதுல ஒரே மாதிரி ரெண்டு வாங்கச் சொல்லுங்க. ரிசீவர் அந்த வோல்ட்டைத் தாங்குமான்னு மட்டும் பாத்துக்கச் சொல்லுங்க. விழுந்த பிளேன்ல இருந்த பேக்கைத் திரும்பப் போடவே கூடாது." ஒவ்வொரு முறை பறந்து இறங்கியதும் எவ்வளவு மின்சாரம் திரும்ப ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டே வர வேண்டுமாம். வழக்கத்தைவிடக் கூடினால் எங்கோ ஏதோ இறுகிக்கிடக்கிறது என்று அர்த்தமாம். மேலே உள்ள எண்ணை நம்பாமல், சுமை கொடுத்துச் சோதித்துப் பார்த்த பிறகுதான் விமானத்தில் வைக்க வேண்டுமாம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு ஜொகூர் பாரு கடையிலேயே இதையெல்லாம் அவன் சொல்லத்தான் வந்தான். என் சத்தம்தான் அவனை நிறுத்தியது.

உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது. நாளைக்கு உன் பிள்ளையும் உன்னை அண்ணாந்து பார்க்கும். அந்த ருசி பொல்லாதது, தினேஷ். அது பழகிவிட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. உன் மனைவி ஒன்று கேட்டு உனக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடு. உன்னிடம் நான் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. எழுத்துத் தெரியாததை மறைக்கத் தொடங்கியவன், அதே பழக்கத்தில் சந்தனத்தையும் மறைத்துவிட்டேன்.

சனிக்கிழமை ஆயுத பூஜை. உன் அம்மா சந்தனக் கட்டையை எடுத்து வைத்துவிட்டாள். புது ஜெட் வீட்டு நடுவில் துணி போர்த்தி நிற்கிறது. பேட்டரியையும் பிளக்குகளையும் அதற்கு முன்பே கழற்றி உன் அறையில் வைத்துப் பூட்டிவிடு, சாவியை என்னிடம் தராதே. நீ சம்மதித்தால் மூக்கில் ஒரே ஒரு பொட்டு வைக்கிறேன். வேண்டாம் என்றால் தூர நின்று கும்பிடுகிறேன்.

பூஜைக்குச் சேவியரைக் கூப்பிட்டிருக்கிறேன். "தினேஷ் என்ன சொல்வான் அங்கிள்?" என்று தயங்கினான். "அதுக்குள்ள என் கடிதத்தை அவன் படிச்சிருப்பான்" என்றேன். திடலில் அன்றைக்கு இருந்தவர்களிடமும் நானே வந்து சொல்கிறேன், அது உன் வேலை இல்லை. அவனிடம் நீ பேசிய பேச்சுக்கு என்ன சொல்வது என்று மட்டும் நீ யோசித்துக்கொள். நான் சொல்லித்தர மாட்டேன். என் மேல் கோபம் வரும், வரட்டும். எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, நான் டீ கேட்டுக்கொண்டு வந்து உட்கார மாட்டேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் நான்தான் முதலில் எழுந்து போவேன், உனக்குத் தெரியும். சனிக்கிழமை மணி அடித்தால் நான் எழுந்திருக்க மாட்டேன். கதவை நீ போய்த் திற.

அப்பா